ட்ரெட்மில்ல கால் வச்சா பெல்ட் புடிச்சு புடிச்சு போகுது, கருகுற வாசனை வேற. வீட்லயே சரி பண்ண முடியுமா?

துணிகாயவச்சவன்:
வணக்கம் மக்களே. 2020 லாக்டவுன்ல வாங்குன ட்ரெட்மில், மூணு மாசம் ஓடுனேன், அப்புறம் எல்லார் வீட்லயும் ஆகுற மாதிரி துணி காயப்போடுற ஸ்டாண்டா ஆயிருச்சு. இப்ப அப்பாவுக்கு சுகர் ஏறிப்போய் டாக்டர் தினமும் நடக்கச் சொல்லிட்டாரு, தெருவுல நாய்த்தொல்லை, சரி இதையே தூசி தட்டி எடுப்போம்னு எடுத்தேன். சும்மா ஓட விட்டா நல்லாத்தான் ஓடுது, அப்பா ஏறி காலை ஊனுனா ஒவ்வொரு அடிக்கும் பெல்ட் புடிச்சு புடிச்சு விடுது. பத்து நிமிஷத்துல கருகுற வாசனை. நேத்து எம்.சி.பி.யே (கரண்ட் அதிகமா இழுத்தா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) விழுந்துருச்சு. அம்மா தையல் மெஷின் எண்ணெய எடுத்துக் குடுத்தாங்க, நானும் பெல்ட்டுக்கு மேலயே நாலு சொட்டு விட்டுட்டேன் (திட்டாதீங்க). சர்வீஸ்காரர் போன்லயே மோட்டார் போச்சுங்கறாரு. நெஜமாவா?

ஸ்பேனர்மாமா:
தம்பி, பாக்காமலே மோட்டார் போச்சுன்னு சொல்றவர நம்பாதீங்க. சும்மா ஓட்டினா ஓடுதுல்ல, அப்ப பெரும்பாலும் பெல்ட்டுக்கு அடியில காஞ்சு போயிருக்கும். ப்ளக்க புடுங்கிட்டு பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவுல கைய விட்டு தடவுங்க, விரல்ல வழவழன்னு எதுவுமே ஒட்டலேன்னா எண்ணெய் தீந்துபோச்சுன்னு அர்த்தம். காஞ்ச பலகை மேல ஆள் எடையும் சேர்ந்தா உரசல் கூடும், மோட்டார் கரண்ட்ட இழுக்கும், வாசனையும் எம்.சி.பி. விழுறதும் அதனாலதான். இப்படியே ஓட்டுனா அடுத்து போறது மோட்டார கன்ட்ரோல் பண்ற சர்க்யூட் போர்டு, அதான் பெரிய செலவு.

முதல்ல அந்த தையல் எண்ணெய துடைங்க. அது பெட்ரோலிய எண்ணெய், பெல்ட்ட கெடுக்கும், மேல விட்டா அப்பா வழுக்கி விழவும் செய்வாரு. தேங்காயெண்ணெய், துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே எதுவும் ஆகாது. கலப்பில்லாத சிலிகான் ஆயில் மட்டும். பழைய காட்டன் துண்ட பெல்ட்டுக்கு அடியில ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்து ரெண்டு முனையையும் புடிச்சுகிட்டு முன்னும் பின்னும் இழுங்க, கருப்பா மாவு மாதிரி வரும் பாருங்க. அப்புறம் பெல்ட் ஓரத்த தூக்கி, ஆள் கால் படுற இடத்துக்கு நேரா உள்ள, ஒவ்வொரு பக்கத்துக்கும் 15 மில்லி விட்டா போதும். ஆள் ஏறாம மெதுவா அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க. ஆனா சில மாடல்ல பலகைக்கு மெழுகு பூசியே வரும், எண்ணெய் கூடாதுன்னே மேனுவல்ல போட்டிருப்பாங்க, அத பாத்துட்டு செய்யுங்க.

உப்புக்காத்துவாசி:
மாமா சொன்னதோட இன்னொண்ணு. முன்னாடி மோட்டார் கவர கழட்டிப் பாத்தீங்களா? நாங்க பெசன்ட் நகர், கடல் பக்கத்துல வீடு, ரெண்டு வருஷம் கழிச்சு தொறந்தா உள்ள ஒட்டடை, முடி, செத்த பல்லி ஒண்ணு போர்டுக்குப் பக்கத்துலயே காஞ்சு கெடந்துச்சு. ஸ்க்ரூ தலையெல்லாம் துரு. ப்ளக்க புடுங்கின உடனே கைய வைக்காதீங்க, போர்டுல இருக்கிற கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும், பத்து நிமிஷமாவது விடுங்க. பெயின்ட் பிரஷால தட்டி வேக்கம் வச்சு உறிஞ்சுங்க, ஈரத்துணி உள்ள போகவே கூடாது. வேர்வை சொட்டுற கைப்பிடி, டிஸ்ப்ளே மட்டும் பிழிஞ்ச துணியால துடைச்சா போதும்.

நாலுகிலோமீட்டர்:
எண்ணெய் விட்டும் புடிச்சு புடிச்சு போச்சுன்னா கவர் தொறந்து ஓரமா வச்சுட்டு, கைய கிட்ட கொண்டு போகாம, ஒருத்தர நடக்க விட்டு பாருங்க ப்ரோ. முன் ரோலர் சுத்திக்கிட்டே இருக்க பெல்ட் மட்டும் நின்னா பெல்ட் லூஸ். ரோலரும் நின்னு மோட்டார் மட்டும் சுத்துனா உள்ள மோட்டாரையும் ரோலரையும் சேக்குற சின்ன பெல்ட் லூஸ். நடக்குற பெல்ட் லூஸ்னா, பின்னாடி ரெண்டு போல்ட்டு இருக்கும், ஆலன் கீ போட்டு ரெண்டையும் ஒரே அளவா கால் சுத்து டைட் பண்ணுங்க, அதுக்கு மேல ஒரேடியா வேண்டாம். பெல்ட் இடப்பக்கம் ஒதுங்குனா இட போல்ட்ட மட்டும் கால் சுத்து கடிகாரம் சுத்துற பக்கமா திருகணும்.

அப்புறம் ஆர்வக்கோளாறுல வாரா வாரம் எண்ணெய் விடாதீங்க. நான் விட்டேன். பெல்ட் வழுக்க ஆரம்பிச்சு, பக்கவாட்டுல வழிஞ்சு தரையெல்லாம் பிசுபிசு, வீட்டம்மா கால் வச்சு... வேண்டாம் விடுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்க கைய விட்டு தடவிப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் விடுங்க.

துணிகாயவச்சவன்:
அப்டேட். கைய விட்டா சொரசொரன்னு இருந்துச்சு மாமா, துண்டு கரித்துணி மாதிரி ஆயிருச்சு. மேனுவல்ல எண்ணெய் போடலாம்னுதான் இருந்துச்சு, சிலிகான் ஆயில் வாங்கி விட்டேன், புடிக்கிறது நின்னு போச்சு. கவர தொறந்தேன், பல்லி இல்ல, என் பொண்ணோட ஹேர்பேண்ட் ரெண்டு கெடச்சுது. அப்பா இன்னிக்கு இருபது நிமிஷம் நடந்தாரு, வாசனை இல்ல, எம்.சி.பி. விழல.

அம்மாதான் இப்ப ஈரத்துணிய எங்க போடுறதுன்னு கேக்குறாங்க.

ஸ்பேனர்மாமா:
அதுல மட்டும் திரும்ப போட விட்றாதீங்க தம்பி, சொட்டுற தண்ணி நேரா மோட்டார் கவருக்குள்ளதான் போகும்.