பெரியம்மாவின் ஒன்பது கொப்பி, கனடாவிலிருந்து ஒரு ஏஜென்ட்: என்ன செய்யலாம்?

முத்தையன்கட்டுப் பொடியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கம். யாழ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து முடித்துப் பத்து மாதமாகிறது, வேலை இன்னும் இல்லை. என் பெரியம்மா ஓய்வுபெற்ற ரீச்சர். 2010 இல் ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒன்பது சி.ஆர். கொப்பி. சிறுகதைகள் என்று அவர் சொல்கிறார், எனக்கு எல்லாம் சேர்ந்து ஒரே நாவல் போலப் படுகிறது.

அதில் இரண்டு கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முகநூலில் போட்டேன். மூன்றாம் நாள் கனடாவிலிருந்து ஒருவர் வட்ஸ்அப்பில் வந்தார். தான் லிட்டரரி ஏஜென்ட், பெரிய பதிப்பகங்களோடு பழக்கம், புத்தகத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோகலாம் என்றார். வாசிப்புக் கட்டணம் 75,000 ரூபாவாம். அவர் அனுப்பிய ஒப்பந்தத்தில் 'எல்லா மொழி, எல்லா நாடு, எல்லா வடிவம், நிரந்தரம்' என்று ஒரு வரி இருக்கிறது. பெரியம்மா கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்துவிட்டார். நான்தான் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

இது சரியான ஆளா? அடுத்தது, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்: இந்த ஏஜென்ட் வேலை என்பது என்ன? காலையிலிருந்து இரவுவரை என்னதான் செய்வார்கள்? வன்னியில் இருந்துகொண்டு ஒருவர் இதைச் செய்ய முடியுமா?


பரந்தன் சந்தி எழுதியது:

தம்பி, முதலில் பெரியம்மாவின் கையிலிருந்து பேனையை வாங்கி வை.

என்னை யாரும் ஏஜென்ட் என்று கூப்பிட்டதில்லை. கிளிநொச்சியில் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன், பலகையில் 'ரைப்செற்றிங், போட்டோக் கொப்பி, லமினேற்றிங்' என்றுதான் இருக்கும். 2011 இல் ஒரு பழைய கணினியோடு தொடங்கினேன். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து ஆட்கள் எழுதியதை வாசித்து, திருத்தச் சொல்லி, அச்சகத்தோடு சண்டை பிடித்து, கொழும்புக்கும் சென்னைக்கும் அவர்களுக்காகக் கடிதம் எழுதி வருகிறேன். நீ கேட்ட வேலைக்கு இந்த ஊரில் கிடைக்கிற உருவம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏழரைக்குக் கடை திறந்தால் பத்து மணிவரை அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிற சனம். பத்துக்குப் பிறகு கல்வெட்டு. வெளியூர்க்காரர் பயப்பட வேண்டாம், செத்தவருடைய முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரை நாங்கள் கல்வெட்டு என்போம். படம், தேவாரம், பேரப்பிள்ளையின் கவிதை, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். இருபத்தைந்தாம் நாள் வந்து நின்று ஆறு நாளில் வேண்டும் என்பார்கள். பேரம் பேசமாட்டார்கள், காசைக் கையில் தருவார்கள். இத்தனை வருடமும் என் கடை வாடகையைக் கட்டியது அவர்கள்தான், எழுத்தாளர்கள் இல்லை.

எழுத்தாளர்கள் மூன்று மணிக்குப் பிறகு வருவார்கள். பாதிப் பேர் ஆசிரியர்கள், பள்ளிக்கூடம் விட்டால்தான் வரலாம். கொப்பியில் எழுதிக் கொண்டுவந்தால் புண்ணியம். 'நானே ரைப் பண்ணிவிட்டேன்' என்று பென்டிரைவை நீட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிக்க வேண்டும். இடையில் ஒரு வெற்றிடம் தவறி விழுந்திருந்தால் இப்போது எல்லோரும் பாவிக்கிற யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். ஒருவருடைய நாவலில் கொக்கும் கொய்யாவும் வந்த இடமெல்லாம் இப்படி உடைந்து, இரண்டு இரவு உட்கார்ந்து ஒட்டினேன்.

வாசிப்பு இரவு எட்டுக்குப் பிறகு வீட்டில். வாசிப்பதற்குக் காசு வாங்குவதில்லை. இதில் ஒரு கள்ளம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'நல்லாயிருக்கு' என்று நான் சொன்னால் ரைப்செற்றிங் வேலை எனக்குத்தான் வரும். அதனால் வேண்டாம் என்று பட்டால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்பதைப் பழகிக்கொண்டேன். ஐந்தில் மூன்று பேரைத் திருப்பி அனுப்புவேன். அவர்கள் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ போய் அச்சடித்து, வெளியீட்டு விழா அழைப்பிதழை எனக்கே கொண்டுவந்து தருவார்கள். போவேன். விளக்கேற்றுவதிலிருந்து ஏற்புரைவரை இருந்து, என்வலப்பில் ஆயிரம் ரூபா வைத்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வருவேன்.

நான் பிடித்துச் செய்த வேலை ஒன்று. அக்கராயன் பக்கம் ஒரு கமக்காரர், ஐயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வயலும் குளமும் இடம்பெயர்வுமாக 410 பக்கம் கொண்டுவந்தார். வாசித்தால் 120 பக்கம் அவருடைய தமையனோடு இருந்த காணி வழக்கு. அதை எடுத்தால் புத்தகம் நிற்கும் என்றேன். எழும்பிப் போய்விட்டார். வழியில் கண்டாலும் கதைக்கவில்லை. மாசியில், காலபோக அறுவடை முடிந்து நெல்லும் ஏற்றிய பிறகு, ஒரு நாள் கடை வாசலில் சைக்கிள் நின்றது. 290 பக்கம். வெட்டிய தாள்களையும் தனியாகக் கட்டி எடுத்து வந்திருந்தார், 'இது கோட்டுக்குத் தேவைப்படும், கொப்பி அடித்துத் தாங்கோ' என்று. அதற்கு மட்டும் காசு வாங்கினேன்.

இனி உன் கனடாக்காரர். ஏஜென்ட் என்பவர் எழுத்தாளருக்கு வருகிற காசில் வீதம் எடுப்பவர். இங்கே எழுத்தாளருக்கு எங்கே காசு வருகிறது? போகிறது. முந்நூறு பிரதிக்கு அவர்தான் அச்சகத்துக்குக் கட்டுகிறார். 2022 இல் தாள் தட்டுப்பாடு வந்தபோது, ஒரு கிழமை முன்பு சொன்ன விலையையே அச்சகம் மறுகிழமை மாற்றியது. விழாவில் பாதிப் பிரதி போகும், மிச்சம் கட்டிலுக்குக் கீழே. இதற்குள் வீதம் எடுக்க எனக்கு என்ன இருக்கிறது? ரைப்செற்றிங்குக்குப் பக்கக் கணக்கில் வாங்குகிறேன், அவ்வளவுதான். எழுதுகிற ஆளிடம் முதலிலேயே 75,000 கேட்பவர் அந்தப் புத்தகத்தை விற்கும் எண்ணத்தில் இருக்கிறாரா என்று நீயே யோசி.

'நிரந்தரம்' என்ற சொல்லைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும், காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் தொகுப்பைச் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு நான்தான் அனுப்பி வைத்தேன். எல்லாம் தொலைபேசியில், வாய்ப்பேச்சு. புத்தகம் வந்தது, பத்துப் பிரதி தந்தார்கள், சந்தோஷம். பிறகு தை மாதப் புத்தகக் காட்சிக்குப் போன என் மச்சாள் அங்கிருந்து படம் அனுப்பினாள்: அட்டையில் 'இரண்டாம் பதிப்பு'. எங்களுக்குத் தெரியாது. கேட்டால் எடுத்த தொலைபேசியை வைத்துவிட்டார்கள். காட்டுவதற்கு ஒரு துண்டுத் தாள் இல்லை. அந்த எழுத்தாளர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருக்கும். அன்றிலிருந்து இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்காமல் எதையும் நான் வெளியே விடுவதில்லை: எந்த மொழி, எத்தனை பிரதி, எத்தனை வருடம், மறுபதிப்புக்கு யாரைக் கேட்க வேண்டும்.


தேம்ஸ்கரை எழுதியது:

பரந்தன் அக்கா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். லண்டனில் ஒரு முகவர் நிறுவனத்தில் நான்கு வருடம் உதவியாளராக இருந்தேன். என் அப்பாவின் ஊர் மாங்குளம்.

இங்கே வழமை, உள்நாட்டு விற்பனைக்கு 15 வீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20 வீதம். பதிப்பகம் தருகிற காசு முகவரின் கணக்குக்கு வரும், தன் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை எழுத்தாளருக்கு அனுப்புவார்கள். விற்காவிட்டால் முகவருக்கும் ஒன்றும் இல்லை. வாசிப்புக் கட்டணம் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழும்பிவிட வேண்டும்.

என் வேலை பெரும்பாலும் வந்து குவிகிற பிரதிகளை வாசிப்பது. கடிதம், ஒரு பக்கக் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், இவ்வளவுதான் கேட்போம். நான் இருந்தவரை நூறு பார்த்தால் ஒன்றிரண்டுக்குத்தான் முழுப் பிரதியையும் அனுப்பச் சொன்னோம். ஆனால் முகவர்கள் அலுவலக நேரத்தில் வாசிப்பதில்லை, ரயிலில் வாசிப்பார்கள். பகல் முழுக்கத் தொலைபேசியும் ஒப்பந்தமும். முன்பணம் ஒரே தடவையில் வராது: கையெழுத்தின்போது ஒரு பங்கு, பிரதி ஒப்படைத்தால் ஒரு பங்கு, புத்தகம் வெளியானால் ஒரு பங்கு. அதைத் துரத்திப் பிடிப்பதற்கே ஒரு ஆள் வேண்டும். ஒக்டோபரில் பிராங்பேர்ட் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் அரை மணிக்கு ஒரு சந்திப்பு, மாலையில் தொண்டை கட்டிவிடும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் தேடு தம்பி: புத்தகம் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்ற வரி. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவர் இருக்கும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும். எங்கும் பதிவு செய்ய வேண்டிய தேவையும் இல்லை, எழுதிய அன்றே அது அவருடையது. 'நிரந்தரம்' என்று கையெழுத்து வைத்தால் அந்த எழுபது வருடமும் சேர்ந்து போய்விடும்.


மல்லாவிக் கிழவன் எழுதியது:

ஏஜென்ட், கீஜென்ட் எல்லாம் இருக்கட்டும். ஒரு புத்தகக் கடைக்கு என் கவிதைப் புத்தகம் ஐம்பது கொடுத்தேன், முப்பது வீதம் கழிவு என்று பேச்சு. இரண்டு வருடம் கழித்துப் போனேன், நாற்பத்தொன்று விற்றுவிட்டது என்றார்கள், காசுக்கு அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். பஸ் காசு செலவழித்து ஐந்து அடுத்த கிழமை போய்விட்டேன். அந்தக் காசை வாங்கித் தருபவருக்குப் பாதியைத் தருகிறேன். பதினைந்து என்ன பதினைந்து.


பரந்தன் சந்தி எழுதியது:

ஐயா, கொடுத்தபோது ரசீது எழுதி வாங்கினீர்களா? இருந்தால் வட்ஸ்அப்பில் படம் போடுங்கோ. பாதி வேண்டாம்.


முத்தையன்கட்டுப் பொடியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கனடாக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: 'இதுவரை நீங்கள் விற்ற புத்தகங்களின் பெயரும், வாங்கிய பதிப்பகங்களின் பெயரும் தரமுடியுமா?' நீலச் சரி இரண்டு விழுந்து நாலு நாளாகிறது. பதில் இல்லை. முகப்புப் படத்தையும் காணவில்லை.

பெரியம்மா என்னோடு கதைப்பதில்லை. 'வந்த லட்சுமியை வாசலோடு அனுப்பிவிட்டாய்' என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கத்தக்கதாகச் சொல்கிறார்.

அக்கா, கடைசிக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. நான் இந்த வேலையைச் செய்யலாமா?


பரந்தன் சந்தி எழுதியது:

வேண்டுமென்றேதான் விட்டேன். சரி, கேள்.

தமிழுக்குள் நின்று இதில் சோறு தின்ன முடியாது, என் கல்வெட்டுக் கணக்கைப் பார்த்தாய்தானே. ஆனால் எனக்கு இல்லாத ஒன்று உனக்கு இருக்கிறது, ஆங்கிலம். போன வருடம் அக்கராயன் ஐயாவின் புத்தகத்தை லண்டனில் ஒரு முகவருக்கு அனுப்ப ஆசைப்பட்டேன். மூன்று அத்தியாயத்தை மொழிபெயர்க்க ஆள் தேடி ஐந்து மாதம். கிடைத்தவர் 'வான்கதவு திறந்தார்கள்' என்ற இடத்தில் ஆகாயத்தில் கதவு திறந்ததாக எழுதிவிட்டார். இரணைமடுக் குளத்தை ஒரு தரம் மாரியில் பார்த்தவன் அப்படி எழுதமாட்டான். மேலதிக நீர் பாய்கிற குளத்துக் கதவு என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத் திருத்தி அனுப்பி ஏழு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: நன்றி, எங்களுக்குப் பொருந்தாது. ஐயாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று ஒரு கிழமை கடைக்குப் பின்கதவால் போய் வந்தேன். சொன்னபோது அவர் 'ஏழு மாதம் வைத்து வாசித்திருக்கிறான்' என்று சந்தோஷப்பட்டார். இந்த வேலையில் பாதி இப்படித்தான் இருக்கும். பொறுக்குமென்றால் வா, எங்கேயாவது ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டு பக்கத்தில் இதைச் செய்.

புத்தகம் போடுகிற கட்டம் வந்தால் ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள இலக்கத்தைத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துப் பெரியம்மாவின் பெயரிலேயே எடு. அச்சகம் தன் இலக்கத்தைத் தருகிறேன் என்று சொல்லும், வேண்டாம். முதலில் ஒன்பது கொப்பியையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் வை. எங்கள் பக்கத்தில் மண்ணுக்குள் புதைத்துவிட்டுத் திரும்பி வந்து தேடின கொப்பிகளின் கதை உன் வீட்டிலும் ஒன்று இருக்கும், கேட்டுப் பார்.

சனிக்கிழமை வராதே, ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஞாயிறு வா. பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, கோபம் நான் பார்த்துக்கொள்கிறேன். முதலாவது கொப்பியைக் கொண்டுவர வேண்டாம், நாலாவதைக் கொண்டுவா. முதலாவதில் எல்லோரும் கையெழுத்தைக்கூட வடிவாக வைத்திருப்பார்கள். மாங்குளத்தில் மாறி ஏ9 பஸ் எடுத்தால் ஒன்பதரைக்கு வந்துவிடலாம். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது கொப்பியை இருக்கையில் வைத்துவிட்டுக் கச்சான் வாங்க இறங்காதே.