32 அடிப் படகு: பின்னால் இரண்டு அவுட்போர்டா, உள்ளே ஒரு டீசலா?

பாரைப்பித்தன் (போர்ட் பிளேர்)
தூண்டில் போட வரும் சுற்றுலாக்காரர்களுக்காக 32 அடி ஃபைபர் படகு ஒன்றைக் கட்டக் கொடுத்திருக்கிறேன். அடிக்கட்டு வார்த்தாகிவிட்டது. பின்பலகையை எப்படி அமைப்பது என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்கிறார் கட்டுபவர். சொன்ன பிறகு மாற்ற முடியாது.

ஒன்று, 250 அல்லது 300 குதிரைத்திறனில் இரண்டு பெட்ரோல் அவுட்போர்டு, அதாவது பின்பலகைக்கு வெளியே தொங்கும் எஞ்சின். அல்லது உள்ளே ஒரே டீசல் எஞ்சின், அதிலிருந்து அடியில் உள்ள விசிறிக்கு நேராகப் போகும் தண்டு (ஷாஃப்ட்). பெரும்பாலும் ஹேவ்லாக், ரட்லண்ட் பக்கத்துப் பவளத்திட்டுகளில் பாரை மீனுக்குப் பாப்பர் (நீர்மட்டத்தில் தெறித்து ஓடும் போலி இரை) எறிவதுதான் வேலை. சீசனில் நாலைந்து முறை பாரன் தீவுப் பக்கம் சூரைக்குப் போவோம். அது ஒரு வழிக்கு ஏறக்குறைய 75 கடல் மைல். ஏழு பேர் ஏறுவார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வள்ளக்காரர் (தூத்துக்குடி)
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டீசல். கணக்கைப் பாருங்கள். 300 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 100 லிட்டர் அளவில் குடிக்கும். கம்மின்ஸ் கியூஎஸ்பி 6.7 லிட்டர் டீசல், 480 குதிரைத்திறனில், முழு வேகத்தில் குடிப்பதும் கிட்டத்தட்ட அதே 100 லிட்டர்தான். இரண்டு அவுட்போர்டு போட்டால் 200. யாரும் நாள் முழுவதும் முழு வேகத்தில் ஓட்டுவதில்லை, தெரியும். மிதமான ஓட்டத்திலும் இந்த இடைவெளி குறையுமே தவிர மறையாது. பாரன் போய்த் திரும்ப உங்களுக்கு 500 லிட்டர் பெட்ரோல் வேண்டும் என்றால், எனக்கு 350 லிட்டர் டீசல் போதும். மிச்சத்தில் ஐஸ் ஏற்றுவேன்.

இன்னொன்று, 500 லிட்டர் பெட்ரோலைத் தளத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் நின்று சிகரெட் பிடிக்கும் விருந்தாளிகளை நான் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, அடிக்கட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இரட்டைவிசிறி (சென்னை)
அண்ணாச்சி சொல்லும் லிட்டர் கணக்கு சரி. ஆனால் அவர் வள்ளத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறார். பாரைக்குப் பாப்பர் எறிவது எங்கே? திட்டின் விளிம்பில், அலை உடையும் இடத்தில், இரண்டு ஆள் ஆழத்தில். அங்கே விசிறியும் சுக்கானும் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் படகைக் கொண்டுபோய் நிறுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? அவுட்போர்டு என்றால் பொத்தானை அழுத்தித் தூக்கிவிடலாம். தரை தட்டினால் ஒரு விசிறி போகும், பையில் இருக்கும் மாற்று விசிறியைக் கடலில் நின்றே மாட்டலாம். ஷாஃப்ட் வளைந்தால் படகையே கரையேற்ற வேண்டும்.

எடையையும் பாருங்கள். 300 குதிரைத்திறன் யமஹா ஒன்று சுமார் 260 கிலோ, இரண்டும் சேர்ந்து 520. அண்ணாச்சியின் டீசல், எஞ்சின் மட்டும் 650 கிலோவுக்கு மேல். கியர்பெட்டி, ஷாஃப்ட், சுக்கான் எல்லாம் தனி. அதோடு படகின் நடுவில் ஒரு பெரிய பெட்டி. ஏழு பேர் அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

வள்ளக்காரர் (தூத்துக்குடி)
பெட்டி மேல் உட்காரலாம், சாப்பாடு வைக்கலாம். அவுட்போர்டு மேல் என்ன வைப்பீர்கள்? கொக்கியில் மாட்டிய மயில்மீன் பின்பக்கமாகப் பாய்ந்தால், இரண்டு எஞ்சினையும் சுற்றித் தூண்டிலை மேலே தூக்கிக்கொண்டு கூத்தாட வேண்டும். டீசல் படகின் பின்பக்கம் வெட்டவெளி. டீசலின் அடிக்குரல் சத்தத்துக்குச் சூரை கிட்டே வரும் என்பது வேறு.

இரட்டைவிசிறி (சென்னை)
சூரை உங்களிடம் வந்து சொன்னதா?

வெப்பநீரோட்டம் (ஃபுளோரிடா)
இங்கே பதினைந்து வருடமாக இதே சண்டையைப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் 30 அடிக்கு மேல் போனால் உள் எஞ்சின் என்பதுதான் வழக்கம். 2007-இல் யமஹா 350 குதிரைத்திறனில் வி8 (எட்டு சிலிண்டர்) அவுட்போர்டு கொண்டுவந்தது. 2021-இல் மெர்க்குரி 600 குதிரைத்திறனில் 7.6 லிட்டர் வி12 கொண்டுவந்தது. எஞ்சின் அசையாமல் நிற்கும், கீழ்ப்பகுதி மட்டும் திரும்பும். இப்போது 40 அடிப் படகின் பின்னால் நான்கு அவுட்போர்டு தொங்குவது சாதாரணம். ஆனால் வட கரோலினாவில் ஒரிகன் இன்லெட் மீன்பிடித் துறைக்குப் போய்ப் பாருங்கள், நாள்தோறும் வாடகைக்கு ஓடும் படகுகளில் இன்னும் டீசல்தான். வார இறுதிக்கு ஓட்டுகிறவர் வேகத்தை வாங்குகிறார், தினமும் ஓட்டிப் பிழைக்கிறவர் எரிபொருள் ரசீதைப் பார்க்கிறார். பாரைப்பித்தன், வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள்?

பாரைப்பித்தன் (போர்ட் பிளேர்)
அக்டோபரிலிருந்து மே வரை. நூறு நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். 500, 600 மணி நேரம் வரும். வால்வோவின் ஐபிஎஸ் பற்றி ஒருவர் சொன்னார்: எஞ்சின் உள்ளே, முன்னோக்கிய விசிறி வைத்துத் திரும்பும் பாகம் (பாட்) படகுக்கு அடியில். அது எப்படி?

வெப்பநீரோட்டம் (ஃபுளோரிடா)
அருமையான பொருள். நிறுவனத்தின் ஆள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஊரில் வாங்குங்கள். பவளத்திட்டுக்கு நடுவில் வேண்டாம்.

உப்புக்கை (போர்ட் பிளேர்)
நானும் இதே ஊர்தான், 28 அடியில் இரட்டை அவுட்போர்டு வைத்து ஓட்டுகிறேன். யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்: நல்ல தண்ணீர். ஒவ்வொரு நாளும் திரும்பி வந்ததும் இரண்டு எஞ்சினிலும் கால் மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஏப்ரலில் தனிகாரி அணை இறங்கிவிட்டால் இங்கே வீட்டுக் குழாயிலேயே முறை வைத்துத்தான் விடுகிறார்கள். போன வருடம் நான் டிரம்மில் தண்ணீர் விலைக்கு வாங்கிக் கழுவினேன். பக்கத்து வீட்டு அக்கா துணி துவைக்கத் தண்ணீர் இல்லாமல் நிற்க, நான் எஞ்சினுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

வள்ளக்காரர் (தூத்துக்குடி)
இதைத்தான் எதிர்பார்த்தேன். டீசலுக்குள் சுற்றுவது மூடிய சுற்றில் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் வெளியே இருந்து குளிர்விப்பதோடு சரி.

இரட்டைவிசிறி (சென்னை)
“அதோடு சரி” இல்லை அண்ணாச்சி. எஞ்சினுக்குள் போகும் காற்றை உப்புத் தண்ணீரால் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் விட்டவர்களின் எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் போகும். அந்தச் செலவில் ஒரு புது அவுட்போர்டு வாங்கலாம்.

வள்ளக்காரர் (தூத்துக்குடி)
சுத்தம் செய்யாதவனுக்கு எந்த எஞ்சினும் நிற்காது. சரி, பெட்ரோலுக்கு வாருங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. அவுட்போர்டு நிறுவனங்களின் கையேட்டில் 10-க்கு மேல் கூடாது என்று இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். படகு நீண்ட நாள் சும்மா நின்றால் தொட்டிக்குள் தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் நிற்கலாம்.

உப்புக்கை (போர்ட் பிளேர்)
அது உங்கள் கரையில். 2019-இல் எத்தனால் கலப்பை நாடு முழுக்க விரித்தபோது அந்தமானையும் லட்சத்தீவையும் விட்டுவிட்டார்கள். ஆனாலும் பங்கில் கேட்டுக்கொண்டு ஊற்றுவது நல்லது.

தண்ணீர் வருவதற்கு எத்தனால்தான் வேண்டும் என்றில்லை. மூன்று வருடம் முன்பு நீல் தீவுக்குத் தெற்கே என் இரண்டு எஞ்சினும் அரை நிமிட இடைவெளியில் நின்றன. தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. தளத்தில் அடித்த அலைத் தண்ணீர் எல்லாம் உள்ளே. இரண்டு எஞ்சினுக்கும் ஒரே தொட்டி. வடிகட்டியைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தேன், பாதி பாட்டில் தெளிந்த தண்ணீர், மேலே மஞ்சளாகப் பெட்ரோல். நான்கு மணி நேரம் நீரோட்டத்தோடு போனோம். இரண்டு எஞ்சின் இருப்பதால் பயமில்லை என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரட்டைவிசிறி (சென்னை)
அது எஞ்சினின் குற்றம் இல்லை, தொட்டியின் குற்றம். ஒற்றை டீசல் 75 மைலுக்கு அப்பால் நின்றால் என்ன செய்வீர்கள்? கூடவே 15 குதிரைத்திறனில் குட்டி அவுட்போர்டு வைத்திருந்தாலும், நல்ல கடலில் ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வள்ளக்காரர் (தூத்துக்குடி)
ஆகட்டும், வந்து சேருவேன். உங்கள் எஞ்சினின் கணினி பழுதானால் போர்ட் பிளேரில் யார் பார்ப்பார்கள்? நான் சொல்வதானால் கியூஎஸ்பியும் வேண்டாம். கம்மின்ஸின் பழைய 6பிடி 5.9 லிட்டர், கணினி இல்லாத மெக்கானிக்கல் பம்ப். டாடா லாரிகளில் ஓடிய அதே குடும்பம். லாரி பார்க்கும் எந்த மெக்கானிக்கும் கை வைப்பான். 300 குதிரைத்திறன் வரும், 20 நாட்டில் நிதானமாகப் போகலாம்.

பாரைப்பித்தன் (போர்ட் பிளேர்)
டீசலிலேயே அவுட்போர்டு வந்திருக்கிறதே, காக்ஸ் என்று? சண்டையே தீர்ந்துவிடுமே.

இரட்டைவிசிறி (சென்னை)
300 குதிரைத்திறன், ஒன்று 393 கிலோ. விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

பாரைப்பித்தன் (போர்ட் பிளேர்)
கேட்டுவிட்டேன். பேச வேண்டாம்.

நேற்று இரவு பழைய பயணக் குறிப்புகளை எடுத்து வைத்து எண்ணினேன். போன சீசனில் வாடகைப் படகில் போன 61 நாளில் 54 நாள் திட்டுகளின் ஓரம், 7 நாள்தான் ஆழ்கடல். ஆழமில்லாத இடத்தில்தான் என் பிழைப்பு. இரண்டு 250 அவுட்போர்டு என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணாச்சி, கோபிக்க வேண்டாம்.

வள்ளக்காரர் (தூத்துக்குடி)
கோபம் எதற்கு? 54 நாள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க மாட்டேன். தொட்டி இரண்டாக இருக்கட்டும், எஞ்சினுக்கு ஒன்று. நடுவில் இணைப்புக் குழாய் வைத்தால் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியை, குனிந்து தலையை உள்ளே விட்டுத் தேடும் இடத்தில் வைக்காதீர்கள். அலையில் ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கழற்ற முடிய வேண்டும். அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாக வாங்குங்கள், காலையில் ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும்.

உப்புக்கை (போர்ட் பிளேர்)
மூடிக்கு ரப்பர் வளையம் நான்கு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பாரைப்பித்தன் (போர்ட் பிளேர்)
நன்றி. கட்டுபவரிடம் இன்று பேசினேன். பின்பலகை உயரம் 25 அங்குலமா, 30 அங்குலமா என்று கேட்கிறார்.

இரட்டைவிசிறி (சென்னை)
25 போதும்.

வெப்பநீரோட்டம் (ஃபுளோரிடா)
30. பின்னாலிருந்து அலை ஏறும் கடலில் 25 போதும் என்று யார் சொன்னது?