“சும்மா ஏர் கன் தானே சார்!” – துப்பாக்கி பற்றிய பேச்சில் உங்களுக்குப் பொறுக்காதது எது?

கோவை, ஏர் ரைபிள்:

துப்பாக்கி சுடும் பயிற்சி இடமான ரேஞ்சுக்குப் புதிதாக வருபவர்கள் வாயில் முதலில் வருவது இந்த வார்த்தைதான்: “சும்மா ஏர் கன் தானே சார்.” எனக்கு இது ஆகவே ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிளப்பில் ஃபயரிங் லைனைக் கவனித்துக்கொள்கிறேன். மகனைச் சேர்க்க வந்த ஒருவர், மேசையில் இருந்த ரைபிளைக் கேட்காமலே தூக்கினார். பையன் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, “ஒரு போட்டோ எடுங்க” என்று மனைவியிடம் சொன்னார். ஓடிப்போய்க் குழலைக் கீழே தாழ்த்தினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உள்ள ஒண்ணும் இல்லையே, எதுக்கு இவ்வளவு பதற்றம்?”

உள்ளே ஒன்றும் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் குழலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீள வயரை, சேஃப்டி ஃபிளாக்கை, செருகி வைக்கிறோம். பின்பக்கமும் முன்பக்கமும் அது வெளியே தெரிந்தால் மட்டுமே துப்பாக்கி காலி. பன்னாட்டுப் போட்டியிலும் இது கட்டாயம். அவர் தூக்கியபோது அந்த வயர் மேசையில் கிடந்தது.

4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேல் போகாத ஏர் கன்னுக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. 2016 ஆயுத விதிகள் சொல்வது அவ்வளவுதான். உரிமம் வேண்டாம் என்றால் ஆபத்து இல்லை என்று ஜனங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். போட்டி ரைபிளின் ஆற்றல் அந்த எல்லையில் பாதிகூட வராது. அதுவே ஒரு கண்ணைப் பறிக்கப் போதும்.

உங்களுக்குப் பொறுக்காதது எது, எங்கே நடந்தது, எழுதுங்கள். அது ஏன் தவறு என்பதையும் சேர்த்துச் சொன்னால் புதியவர்களுக்கு உதவும். யார் பெயரும் வேண்டாம்.

வேலூர், ஓய்வுபெற்ற ராணுவ வீரர்:

வணக்கம். எனக்கு இருப்பது ஒரே மனக்குறை. செய்திகளில் “தோட்டா” என்ற ஒரே சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். சுடாத ரவுண்டும் தோட்டா, சுட்டு முடித்த வெற்றுக் கேஸும் (பித்தளைக் கூடு) தோட்டா, சுவரில் பதிந்த ஈயமும் தோட்டா. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு மனிதனின் வாழ்க்கையே நிற்கிறது. உரிமம் இல்லாதவன் பையில் சுடாத ரவுண்டு இருந்தால் ஆயுதச் சட்டப்படி வழக்கு. சுவரில் பதிந்தது என்றால் அங்கே யாரோ சுட்டிருக்கிறார்கள். வெறும் கேஸ் என்றால் கதையே வேறு.

என் அக்கா மகன் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவன். யாரோ கொடுத்த பித்தளைக் கேஸ் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிவைத்திருந்தான். வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போது விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்துவிட்டது. உட்காரவைத்து விசாரித்தார்கள். “என்ன வச்சிருந்த?” என்று கேட்டால் இவன் பதறிப்போய் “புல்லட் சார்” என்றிருக்கிறான். கேஸின் அடியில் துப்பாக்கியின் ஊசி அடித்த தழும்பு இருக்கிறது, உள்ளே வெடிமருந்து இல்லை, முனையில் ஈயம் இல்லை. “சுட்ட காலி கேஸ்” என்று முதலிலேயே சொல்லியிருந்தால் விசாரணை வேறு விதமாகப் போயிருக்கும். விமானத்தை விட்டான். நேர்காணலும் போயிற்று. படையில் ஃபயரிங் முடிந்ததும் குனிந்து பொறுக்கி, எண்ணி, கணக்குக் காட்டித்தான் ரேஞ்சை விட்டு வெளியே வருவோம். ஒரு கேஸ் குறைந்தாலும் புல்லை விலக்கி விலக்கித் தேடுவோம். அதன் காரணம் தெரியாதவர்கள்தான் அதை அழகுக்கு மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது “7.62” என்ற மி.மீ. அளவு. டி.வி.யில் இதைச் சொன்ன உடனே “ஏ.கே. 47 தோட்டா” என்று எழுத்து ஓடும். ஏ.கே.யில் போவது 7.62×39. நாங்கள் சுமந்த எஸ்.எல்.ஆர். ரைபிளில் போனது 7.62×51. தூரத்துக் குறிக்கான டிராகுனோவ் ரைபிளில் போடுவது 7.62×54 விளிம்பு உள்ளது. பெருக்கல் குறிக்குப் பின்னால் இருப்பது கேஸின் நீளம். ஒன்றுக்காக வைத்திருப்பதை இன்னொன்றில் போட முடியாது. திருச்சி தொழிற்சாலையில் தயாராகும் டி.ஏ.ஆர். ரைபிளும் 7.62×39 தான். அந்தப் படம் வந்தாலும் ஏ.கே. என்றே போடுகிறார்கள். நம் ஊர் ஆட்கள் செய்தது, அதன் பெயரைச் சொல்ல வேண்டாமா?

ரவுண்டுகள் அடைந்திருக்கும் பெட்டியான மேகசினை “கிளிப்” என்று சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய .303 ரைபிளில் ஐந்து ரவுண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் தகடு கிளிப். அதை மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் ரவுண்டுகள் மேகசினுக்குள் இறங்கும், தகடு வெளியே விழுந்துவிடும். இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தவன் மாற்றிச் சொல்ல மாட்டான்.

மதுரை, ஜூனியர் வீராங்கனையின் அம்மா:

எனக்குத் துப்பாக்கி பற்றி மூன்று வருடம் முன்பு வரை ஒன்றும் தெரியாது. மகளுக்காகக் கற்றுக்கொண்டேன். பெற்றோர் நடுவில் நடக்கும் பெல்லட் (ஏர் கன்னில் போடும் சின்ன ஈயக் குண்டு) பேச்சுதான் என் குறை. “எங்க பையனுக்கு ஜெர்மன் பெல்லட் வாங்கிட்டோம், நீங்க இன்னும் அதையேவா போடுறீங்க?” என்று கேட்பார்கள். விலையை வைத்தே மார்க் வரும் என்ற நினைப்பு.

பத்து மீட்டர் ரைபிளில் பத்தாவது வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டோ 4.5 மி.மீ. அதை அந்தப் புள்ளியின் நடுவில் கொண்டுவர, பெல்லட் குழலுக்குள் எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரே கம்பெனியின் ஒரே பெயரிலேயே தலை அளவு 4.49, 4.50 என்று தனித்தனி டப்பா வரும். டப்பாவின் பின்னால் லாட் நம்பர், அதாவது எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண், இருக்கும். எங்கள் கோச் துப்பாக்கியைக் கிளாம்பில் இறுக்கி, ஒவ்வொரு லாட்டிலும் பத்து பத்தாகச் சுட்டுப் பார்த்தார். என் மகளின் துப்பாக்கிக்கு நடுத்தர விலை டப்பாதான் சிறிய வட்டமாக விழுந்தது. விலை அதிகமானது பரவிப் போனது. பக்கத்துப் பையனின் துப்பாக்கிக்கு நேர் எதிர். எந்த பிராண்டு நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: உங்கள் குழலைக் கேளுங்கள்.

இன்னொன்று, இதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். பிள்ளைகள் வசதிக்காக இரண்டு மூன்று பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறார்கள். “சாம்பியன்ஸ் எல்லாம் அப்படித்தான் ஆன்ட்டி” என்று ஒருத்தி சொன்னாள். கண்ணா, அது ஈயம். டப்பாவுக்குள்ளே விரல் போனால் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு வரும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கையோடு டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று ரேஞ்சில் போர்டே வைக்க வேண்டும்.

சென்னை, .22 பிஸ்டல்:

சைலன்சர் போட்டால் சத்தமே கேட்காது என்று சொல்பவர்கள். கேட்கும். குறையும், அவ்வளவே. காதடைப்பான் இல்லாமல் லைனில் நிற்பவர்களும் இதே கூட்டம்தான். அப்புறம், .22-ஐ “சின்னப் பசங்க துப்பாக்கி” என்று சொல்வது. நாங்கள் ஐம்பது மீட்டர் அட்டையில் சுடுகிறோம் என்பதால் அது ஐம்பது மீட்டரில் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சின்ன ஈயம் ஒரு மைலுக்கு மேல் போகும். பின்னால் மண்மேடு ஏன் அவ்வளவு உயரம் என்று யாரும் யோசிப்பதில்லை.

புதுக்கோட்டை, டிராப்:

எங்கள் மாவட்டத்தில் பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் பிரிவில் (பறக்கும் களிமண் தட்டைச் சுடுவது) பாரிஸ் ஒலிம்பிக் வரை போய் வந்ததால் ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி) என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. ஆனால் அளவு பற்றிய குழப்பம் மட்டும் தீரவில்லை. “12 போர்” என்றால் 12 மி.மீ. என்று நினைப்பவர்கள் நிறைய. “20 போர் அதைவிடப் பெருசா?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். குழலின் வாய்க்குச் சரியாக இருக்கும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதே அந்த எண். பன்னிரண்டு போதும் என்றால் உருண்டை பெரிது, குழலும் பெரிது, சுமார் 18.5 மி.மீ. இருபது வேண்டும் என்றால் சிறிது. .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது நேராக அங்குல அளவு.

இது தெரியாததால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் தவறிப் போட்டால் அது வெளியே விழாது. உள்ளே வழுக்கிப் போய்க் கொஞ்ச தூரத்தில் சிக்கி நிற்கும். பார்த்தால் தோட்டா உட்காரும் அறை காலியாகத் தெரியும். “போடலையோ” என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் கை பக்கத்தில் வெடிக்கும். இதற்காகவே 20 போரை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். மஞ்சள் பெட்டியையும் சிவப்புப் பெட்டியையும் ஒரே பையில் கொட்டிக்கொண்டு வந்த ஒருவரை எங்கள் ரேஞ்சில் திருப்பி அனுப்பினோம். அவர் இன்றுவரை எங்களிடம் பேசுவதில்லை. பரவாயில்லை.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கிகள். இங்கிலாந்தில் செய்த பழையவற்றில் பலவற்றுக்கு அறை 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மி.மீ. “உள்ள அழகா போகுதே, மூடுதே, அப்புறம் என்ன?” என்பார்கள். பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடும் முன் வாய் மடிந்திருப்பதால் குட்டையாக இருக்கும், அதனால் உள்ளே போகும். சுடும்போது விரிய இடமில்லாமல் வாய் குறுகி, அழுத்தம் ஏறும். நூறு வருடம் பழைய இரும்பு அதைத் தாங்கும் என்று யார் உறுதி தருவது?

தேனி, உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி:

நம்ம கிட்ட எஸ்.பி.பி.எல்., அதான் பின்பக்கமா தோட்டா போடுற ஒத்தைக் குழல் துப்பாக்கி, ஒண்ணு இருக்கு, அப்பா பேர்ல இருந்து மாத்தினது. ஊர்ல யாரைப் பாத்தாலும் ஒரே கேள்வி: “எத்தனை பன்னி சுட்டீங்க மாமா?” உரிமம் கொடுத்தது வேட்டைக்கு இல்லய்யா. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு. இளவட்டப் பசங்க கொக்கு, புறா சுட ஏர் கன் வாங்கிட்டு வந்து “நல்ல ரேஞ்சு எது மாமா”னு என்கிட்டயே கேக்குறாங்க. வாயைத் திறந்து திட்டித்தான் அனுப்புறேன். அருணாசலப் பிரதேசத்துல 2021-ல ஏர் கன்னைத் தானா கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி இயக்கமே நடத்தினாங்க. குருவி சத்தமே இல்லாம போச்சுன்னுதான்.

தேர்தல் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஒரு தடவை ஸ்டேஷன்ல இருந்து திரும்பி வந்தப்ப, எண்ணெய் போட்டுச் சுத்திக் கொடுத்த துணியைக் காணோம். குழல் மேல விரல் பட்ட எடத்துல எல்லாம் விரல் அச்சாவே துரு ஏறியிருந்துச்சு. கேட்டா, “இரும்புதானே, துரு பிடிக்காதா?”னாங்க. அடுத்த தடவை உரிமம் பெற்ற கன் ஹவுஸ்ல (துப்பாக்கிக் கடை) கொடுத்து ரசீதை ஸ்டேஷன்ல காட்டினேன். அதுக்கும் வழி இருக்கு, பல பேருக்குத் தெரியல.

கோவை, ஏர் ரைபிள்:

எல்லோருக்கும் நன்றி. என் பங்குக்கு இன்னொன்று. 2024 பாரிஸில் துருக்கியின் யூசுப் டிகெச் பேன்ட் பையில் கையை விட்டபடி சுட்ட படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதிலிருந்து ரேஞ்சுக்கு வரும் பையன்கள் ஜாக்கெட்டைப் போட மாட்டேன் என்கிறார்கள். “அவர் ஒண்ணுமே போடாம வெள்ளி வாங்கலையா மாஸ்டர்?”

தம்பிகளே, அவர் சுட்டது பிஸ்டல். அந்தப் பிரிவில் சுடுதல் ஜாக்கெட் யாருக்குமே கிடையாது. ஒரு கையால் சுடுவதால் இன்னொரு கையை ஆடாமல் வைக்கப் பையில் விடுவதோ பெல்ட்டில் செருகுவதோ எல்லோரும் செய்வது. காதில் அடைப்பான் வைத்திருந்தார், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 2008 பெய்ஜிங்கிலிருந்து ஒலிம்பிக்கில் நிற்பவர். நீங்கள் பிடிப்பது ஐந்து கிலோவை ஒட்டிய ரைபிள். இடுப்பை வளைத்து நின்று, எழுபத்தைந்து நிமிடத்துக்குள் அறுபது முறை சுட வேண்டும். ஜாக்கெட் உங்கள் முதுகெலும்புக்கு. பதினாலு வயதில் முதுகைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டு பிரிவையும் ஒன்றாகப் பேசும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

சிவகங்கை, புதியவர்:

புதுக்கோட்டை அண்ணனுக்கு ஒரு கேள்வி. எங்கள் வீட்டிலும் தாத்தாவின் இரட்டைக் குழல் இருக்கிறது, உரிமம் அப்பா பெயரில். அறை 65-ஆ 70-ஆ என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புதுக்கோட்டை, டிராப்:

தம்பி, அப்பாவையே கையாளச் சொல்லுங்கள், உரிமம் அவர் பெயரில்தான் இருக்கிறது. முதலில் காலி என்று இரண்டு குழலிலும் வெளிச்சம் விட்டுப் பார்க்கட்டும். பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்தால், அறைக்குக் கீழே தட்டையாக இருக்கும் பகுதியில் சோதனைச்சாலை முத்திரைகள் தெரியும். பலவற்றில் 2½ அல்லது 2¾ என்று அங்குலத்தில் வெட்டியிருக்கும். எண் அழிந்திருந்தாலோ முத்திரையே இல்லாவிட்டாலோ ஊகம் வேண்டாம். உரிமத்தோடு கன் ஹவுஸுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், அறைக்கான கேஜ் என்ற அளவுகருவியை விட்டு அளந்து சொல்வார்கள். குழலில் பள்ளமோ, இரண்டு குழல் சேரும் இடத்தில் விரிசலோ இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை அதில் எந்தத் தோட்டாவும் போட வேண்டாம்.