புதுப்பிப்பு: காசநோய் மாத்திரை எடுத்தும் எடை ஏறாத சித்தப்பா

காசநோய்க்கு ஒழுங்காக மாத்திரை எடுத்தும், கிராமத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு எடை ஏறவில்லை, சோர்வும் குறையவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

காசநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும் என்று ஒருவர் வலியுறுத்தியதே விடையாக அமைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்தபோது இரத்தச் சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. அவருக்கு நீரிழிவு இருப்பது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயோ என்று சிலர் எழுப்பிய ஐயத்தைச் சளிப் பரிசோதனை நீக்கியது.

நாங்கள் எதிர்பாராதது அதன் பிறகுதான் நடந்தது. சர்க்கரை மாத்திரை தொடங்கியும் அளவு இறங்கவில்லை. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் என்பது, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்து அவற்றின் வலுவைக் குறைத்துவிடும் என்று மருத்துவர் விளக்கி, இன்சுலினுக்கு மாற்றினார். சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் பசியும் எடையும் கூடின. ஆறு மாதச் சிகிச்சை முடிந்து, கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்திருப்பது எங்களுக்குப் பெரும் நிம்மதி.

காசநோயாளிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை (2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய், முன்பு 500) சித்தப்பாவுக்கு வராமல் இருந்ததற்கு, அவரது வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படாததே காரணமாக இருந்தது, இணைத்தபின் வந்துவிட்டது.

இதே நிலையில் இருப்பவர்கள் கவனிக்க: ரிஃபாம்பிசினை நிறுத்திய பின் சர்க்கரை மருந்தின் வேலை கூடி, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் காட்டி அதன் அளவை மறுபடி சரிசெய்துகொள்ள வேண்டும்.