ஆய்வேட்டில் சால்வை பட்ட பாடு

கோபிசெட்டிபாளையம், தமிழ் ஆய்வு மாணவி:

என் ஆய்வுத் தலைப்பு கவலை இறைப்புச் சொற்கள். கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைப்பதைத்தான் எங்கள் பக்கம் கவலை என்போம். கணினியின் பிழைதிருத்தி ‘கவலை’யை ஒன்றும் சொல்லாது; அதற்குத் தெரிந்தது மனக்கவலை. மாடு கட்டும் கட்டுத்தரை, மாடு அடைக்கும் தொண்டுப்பட்டி எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு. சரி, ஒவ்வொன்றாக அகராதியில் சேர்த்துவிட்டேன்.

வினை வேறு வழியில் வந்தது. தண்ணீர் மொள்ளும் பாத்திரத்துக்குச் ‘சால்’ என்று வரும் இடமெல்லாம் ‘சால்பறி’ என்றே இருக்கட்டும் என்றார் நெறியாளர். ராத்திரி பதினொன்றரைக்குத் தூக்கக் கலக்கத்தில் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை அமுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் பைண்டிங் கடைக்காரர் நன்றியுரையைப் பார்த்துவிட்டு, “சால்பறிவைனா என்னங்க அம்மிணி?” என்றார். தகவல் தந்த பெரியவருக்குச் சால்வை போர்த்தியதை எழுதியிருந்தேன். உள்ளே ‘சால்பு’ சால்பறிபு ஆகியிருந்தது. ஏற்கெனவே சரியாக இருந்த சால்பறி, சால்பறிபறி!

கொடுமை என்னவென்றால், மாற வேண்டிய ‘சாலில்’, ‘சாலுக்கு’ அப்படியே கிடந்தன. ல் புள்ளியை இழந்து லி, லு ஆனதும் கணினிக்கு அது வேறு சரம். அந்தப் புண்ணியத்தில் ‘சாலை’ மட்டும் பிழைத்தது. ‘முழுச்சொல் மட்டும்’ என்பதைத் தேர்ந்திருந்தால் சால்வை தப்பியிருக்கும். சாலில் அப்போதும் மாட்டியிருக்காது. கடைசியில் 240 பக்கத்தையும் கண்ணால்தான் பார்த்தேன்.

திருச்செங்கோடு, கணித ஆய்வு மாணவன்:

அக்கா, எனக்கு எழுத்தே ஒழுங்காக வரவில்லைங்க. ஆய்வேட்டை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கில் சமன்பாடெல்லாம் முத்து முத்தாக இருந்தது. தமிழில் ஒரு முகப்புப் பக்கம் வைக்கலாம் என்று யூனிகோடு எழுத்துருவை ஏற்கும் அதன் வகையான ஸீலேடெக்கில் ஓட்டினால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. 1977இல் தன் புத்தகத்தின் அச்சுப்படி பிடிக்காமல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்க உட்கார்ந்தவர் டொனால்ட் குனுத்; அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டியது லேடெக். இருவருமே கொம்பு போட்டு எழுதிப் பழகாதவர்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எழுத்துருவை அழைக்கும் வரியில் ‘ஸ்கிரிப்ட் = தமிழ்’ என்று சேர்த்ததும் சரியாகிவிட்டது. அந்த ஒரு வரிக்கு எனக்கு இரண்டு நாள்.

கோவை, பம்ப் கம்பெனிக் கையேடு எழுதுபவர்:

எங்கள் வேலை, தகவலைக் குறியிட்டுக் கட்டம் கட்டமாக வைக்கும் எக்ஸ்எம்எல்லில். மின்னழுத்தத்தை ஓரிடத்தில் எழுதினால் போதும், எல்லாக் கையேட்டிலும் தானாக வரும். ஒருநாள் சிங்கிள் பேஸ் மோட்டாரின் 230 வோல்ட் இருக்க வேண்டிய கட்டத்தில் 415ஐப் போட்டுவிட்டேன். மூன்று கையேட்டிலும் துல்லியமாக 415. எழுத்துப் பிழை இல்லை, கட்டமைப்புப் பிழை இல்லை. மென்பொருள் பச்சை விளக்குக் காட்டியது. அச்சுக்குப் போகும் முன் டீ குடிக்க வந்த பிட்டர் அண்ணன் தாளைப் புரட்டிவிட்டு, “இதுல 415 குடுத்தா பத்திக்குமேங்க” என்றார். இப்போதெல்லாம் கடைசிப் படி அவர் மேசைக்குத்தான் போகிறது.