பிரஸ்ஸல்ஸ் வழக்கு, 1915: தகவல் தேவை

வணக்கம். முதல் உலகப் போரில் ஜெர்மனி பிடித்திருந்த பெல்ஜியத்தில் நேச நாட்டுப் படைவீரர்களை ஒளித்துவைத்து, ஹாலந்து எல்லைக்குத் தப்பவிட்டதற்காக 35 பேரை ஜெர்மானிய ராணுவ நீதிமன்றம் விசாரித்த வழக்கைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அக்டோபர் 7, 8 என இரண்டே நாளில் விசாரணை முடிந்தது. 12ஆம் தேதி விடியலில் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஆங்கிலேயச் செவிலியர் எடித் கேவலை உலகமே அறியும். கூடவே செத்த பெல்ஜியக் கட்டடக் கலைஞர் ஃபிலிப் போக்கை யார் நினைக்கிறார்கள்? எனக்கு இது உறுத்துகிறது.

ஃபிலிப் போக் பற்றியும், மரண தண்டனை பெற்றுப் பின்னர் உயிர் தப்பிய ஆசிரியை லூயிஸ் துலியே பற்றியும் படிக்க வேண்டும். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலத்தில் நல்ல நூல் எது? விசாரணைக் குறிப்புகள் மொழிபெயர்ப்பில் கிடைக்குமா? பிரெஞ்சு அறிந்த புதுச்சேரி நண்பர்கள் சில பக்கங்களைப் படித்துச் சொன்னாலும் போதும்.