என் தைப்பூசப் படத்தை விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள், என்ன செய்யலாம்?

வணக்கம். பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நான் எடுத்த காவடிப் படம் ஒன்றை, இங்குள்ள ஒரு பயண நிறுவனம் தன் சுற்றுலா விளம்பரத்தில் போட்டிருக்கிறது. வலது மூலையில் இருந்த என் பெயர் மட்டும் அழகாக வெட்டப்பட்டிருக்கிறது. தெரியாமல் நடந்தது என்று எப்படி நம்புவது? புலனத்தில் கேட்டால், "முகநூலில் எல்லாரும் பார்க்கத்தானே போட்டீர்கள், வேண்டுமானால் பெயரைச் சேர்க்கிறோம்" என்கிறார்கள்.

1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் எடுத்தவருக்கே உரிமை உண்டு என்பது தெரியும். அதில் சொல்லும் நியாயமான பயன்பாடு ஆய்வு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு. பேக்கேஜ் விற்பது அதில் எப்படிச் சேரும்? மூலக் கோப்பு, எடுத்த தேதி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கைவசம் இருக்கின்றன.

வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிப் பணம் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு கேட்பது நியாயம்? மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் சத்தியப் பிரமாணத்தோடு படைப்பைப் பதிந்துகொள்ளலாமே, அதை இப்போது செய்தாலும் பயன்படுமா? அப்புறம் இன்னொன்று: காவடி எடுத்தவரின் முகம் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அவருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழ் பேசும் வழக்கறிஞர் ஜார்ஜ்டவுன் பக்கம் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.